ஞாயிறு யாருக்கு?

அட்டன் நகரத்திலிருந்து டிக்கோயாப் பக்கம் செல்லும் பாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்து செல்பவர் இருவகை மனிதரைக் காணலாம். வெளுத்த சேலையும், கையில் வேதப் புத்தகமும், எண்ணெய் தடவி வாரிய தலையுடன் பிள்ளைகளுமாகத் தேவாலயத்துக்குச் செல்வோர் ஒருவகையினர். இடுப்பிலே படங்கு கட்டி, முதுகிலே கொழுந்துப் பையைத் தொங்கவிட்டு, மலைக்கு ஏறுவோர் மற்றொரு வகையினர். இவ்விரு கூட்டத்தாரும் வெவ்வேறு சமயத்தவர் என்று எண்ணிவிட வேண்டா. சென்ற வாரம் முதற் கூட்டத்தோடு நடந்த தாய் இந்த வாரம் இரண்டாவது கூட்டத்தோடு ஏறுகிறாள். மணி ஓசை அவளுக்குக் கேட்காமல் இல்லை. நன்றாகவே கேட்கிறது. கேட்டுக்கொண்டேதான் ஏறுகிறாள்.

கிறிஸ்தவ நம்பிக்கை மனிதனுடைய அன்றாட வாழ்க்கையை எவ்வாறு உருவாக்குகிறது என்பது பற்றி மேடைகளிலே நிறையப் பேசப்படுகிறது. நம்பிக்கை என்பது நாவினால் அறிக்கையிடுவது மட்டுமன்று, நாள்தோறும் செய்யும் தெரிவுகளிலே விளங்குவது என்று போதகர்கள் கூறுகின்றனர். உண்மைதான். ஆயினும் தெரிவு என்ற சொல் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. இரண்டு வழிகளும் திறந்திருக்கும்போது ஒன்றைக் கொள்வதே தெரிவு. ஒரு வழியின் வாயிலிலே பசி நிற்குமாயின் அதனை எந்த அளவுக்குத் தெரிவு என்று கூறலாம்? மலைநாட்டுத் தோட்டங்களில் இக்கேள்வி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எழுகிறது. எனவே அந்த ஒரு நாளையே எடுத்துக்கொண்டு ஆராய்வது பொருத்தமாகும்.

ஞாயிறு வந்த வழி

நம் முன்னோர் கண்டிச் சீமைக்கு வந்தபோது அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாளாக இருக்கவில்லை. உழவும் மழையும் திருவிழாவுமே அவர்களுடைய நாட்களை வகுத்தன. வாரத்தில் ஒருநாள் வேலையை நிறுத்துவது என்ற ஒழுங்கு வெள்ளைக்காரத் துரைமாரின் நாட்காட்டியோடு வந்தது. அவர்கள் தங்கள் வழிபாட்டுக்காக மலைகளிலே கற்கோயில்களைக் கட்டினர். நுவரெலியாவிலுள்ள பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852ஆம் ஆண்டில் எழுந்தது. காசல்ரீ நீர்த்தேக்கத்தை இன்று நோக்கி நிற்கும் டிக்கோயா வார்லி ஆலயம் 1878இல் கட்டப்பட்டது. அதன் முற்றத்திலே, நோயாலும் விபத்தாலும் இளமையிலேயே மாண்ட துரைமாரின் கல்லறைகள் உள்ளன. அம்மலைகளை வெட்டித் திருத்தி மடிந்த தமிழருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

தொழிலாளரிடையே சமயப் பணி செய்வதற்கென 1854ஆம் ஆண்டில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. அங்கிலிக்கன் மிஷனரிமாரின் முயற்சியும் தோட்டத் துரைமாரின் சந்தாவும் சேர்ந்து அதனை நடத்தின. தமிழ் உபதேசியார்கள் தோட்டந்தோட்டமாக நடந்து சென்று போதித்தனர்; எழுத்தறிவித்தனர். அந்தப் பணியால் முதன்முதலாக ஏட்டைத் தொட்ட குடும்பங்கள் பல. மெதடிஸ்தர் தொடக்கிய அட்டன் ஹைலன்ஸ் கல்லூரியைப் போன்ற பாடசாலைகளிலிருந்து பின்னர் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் தொழிற்சங்கத் தலைவர்களும் தோன்றினர். இந்த நன்றிக்கடனை மறுப்பதற்கில்லை.

ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. மிஷனுக்குச் சந்தா கொடுத்தவரே பிரட்டுக்களத்தில் நின்று ஆளை எண்ணியவர். ஆதலால் ஞாயிற்றுக்கிழமையை ஆராதனைக்குரிய நாள் என்று எடுத்துரைப்பது எளிதாக இருந்தது. உழைப்பவனின் உரிமை நாள் என்று எடுத்துரைப்பது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. இக்குறை அன்றோடு தீர்ந்துவிட்டதா என்பதைப் பின்னர் பார்ப்போம்.

கட்டளையின் உட்பொருள்

ஓய்வுநாள் பற்றிய பழைய ஏற்பாட்டுக் கட்டளையை நம்மிற் பலர் பாதியளவில்தான் நினைவில் வைத்திருக்கிறோம். நாளைப் பரிசுத்தமாக ஆசரிக்க வேண்டும் என்பது முற்பாதி. யார் யார் ஓய வேண்டும் என்ற பட்டியல் பிற்பாதி. வீட்டுத்தலைவன் மட்டுமன்று, வேலைக்காரனும் வேலைக்காரியும் ஓய வேண்டும், அந்நிய தேசத்திலிருந்து வந்து தங்கியிருப்பவனும் ஓய வேண்டும், மாடும் கழுதையுங்கூட ஓய வேண்டும். உபாகம நூல் இதற்குக் கூறும் காரணம் ஆழமானது. நீங்கள் எகிப்திலே அடிமைகளாக இருந்தீர்கள், அதை நினைவிற் கொள்ளுங்கள் என்பதே அந்தக் காரணம். அடிமைக்கு ஓய்வில்லை, ஓய்வு உடையவன் அடிமையல்லன். கடல் கடந்து வந்து, கடனுக்குப் பிணையாகி, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்தைவிட இந்தக் கட்டளையின் பொருளை நன்கு உணரக்கூடியவர் யார்?

வரலாற்றிலே வேறொரு செய்தியும் உண்டு. உரோமப் பேரரசன் கொன்ஸ்தந்தைன் 321ஆம் ஆண்டில் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக ஆக்கினான். நீதிபதிகளும் நகரத்தாரும் தொழிற்கூடத்தாரும் ஓய வேண்டும் என்று பணித்த அவன், நாட்டுப்புறத்தில் நிலத்திலே உழைப்போர் விரும்பினால் வேலை செய்யலாம் என்று விலக்கு அளித்தான். பயிருக்கு ஏற்ற பருவம் தவறிவிடக்கூடாது என்பது அவன் கூறிய நியாயம். பதினேழு நூற்றாண்டுகள் கழிந்தும் அதே நியாயம் நம் மலைகளிலே கேட்கிறது. கொழுந்து முற்றிவிடும், வட்டம் தவறிவிடும், ஆகவே ஞாயிறும் பறிக்க வேண்டும். நகரத்தாருக்குச் சட்டம், நாட்டுப்புறத்தாருக்கு விலக்கு என்ற வேறுபாடு அத்துணைப் பழமையானது.

பிற்காலத் திருச்சபை இதனை உணராமல் இல்லை. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலை பற்றி வெளியிட்ட சுற்றுமடலில் நியாயமான கூலியையும் வார ஓய்வையும் ஒருங்கே வற்புறுத்தினார். இரண்டையும் ஒரே மடலில் வைத்தது தற்செயலன்று. கூலி போதாதவனுக்கு ஓய்வைப் போதிப்பதால் பயனில்லை.

போயா வாரமும் ஒரு பாடமும்

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு இயற்கையில் அமைந்ததன்று என்பதை இலங்கைக் கிறிஸ்தவர்கள் ஒருமுறை நேரிலே கண்டனர். 1966ஆம் ஆண்டில் டட்லி சேனாநாயக்கா அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை நீக்கி, சந்திரனின் நான்கு நிலைகளையும் பின்பற்றிப் போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. வாரத்தின் நீளம் சிலபோது ஏழு நாள், சிலபோது எட்டு நாள் என மாறிற்று. உலக வாணிகத்தோடு ஒத்துப்போகாமையால் 1971இல் ஞாயிறு மீண்டும் வந்தது.

அந்த ஏற்பாட்டுக்கும் ஒரு நியாயம் இருந்தது. பௌத்தரின் புனித நாட்களைப் புறக்கணித்துக் கிறிஸ்தவரின் நாளை நாட்டுக்கே பொதுவாக்கியது குடியேற்ற ஆட்சி. அந்த மனக்குறை உண்மையானது. ஆனால் அந்த ஆண்டுகளில் கிறிஸ்தவ உத்தியோகத்தரும் ஆசிரியரும் ஒரு புதிய அனுபவத்தைப் பெற்றனர். ஞாயிறு வேலை நாளானபோது வழிபாட்டை விடியற்காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. போக வேண்டுமென்று நினைத்தவரே போனார். விடுமுறை தந்த வசதியிலிருந்து நம்பிக்கை பிரிந்து நின்றது. அரசாங்க அலுவலருக்கு ஐந்தாண்டு நேர்ந்த அந்தச் சோதனை, கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு வாழ்நாள் முழுவதும் நேர்கிறது என்பதே இங்கு நாம் கருதவேண்டியது.

கைக்காசு

இன்றைய நிலையைச் சற்று நோக்குவோம். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டுத் தொழிலாளர் பல்லாண்டு போராடினர். 2021இல் சம்பளச் சபை மூலம் அது வர்த்தமானியில் வந்தது. அதனோடு கம்பனிகள் கூட்டு ஒப்பந்த முறையிலிருந்து விலகிக்கொண்டன. அடுத்த ஆண்டே நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் எட்டாத விலைக்கு ஏறின. பெற்ற ஆயிரம் கைக்கு வருமுன்பே கரைந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்திலே கம்பனிகள் 1,550 ரூபாயும், வேலைக்கு வரும் நாளுக்கென அரசாங்கம் 200 ரூபாயும் சேர்த்து, மொத்தம் 1,750 என்று அறிவிக்கப்பட்டது.

இத்தொகையைக் கேட்ட நகரத்தார் சிலர், இனி என்ன குறை என்று வினவுகின்றனர். தோட்டக் கணக்கை அவர்கள் அறியார். குறித்த நிறை பறித்தால்தான் முழுப்பேர். நிறை குறைந்தால் அரைப்பேர் விழுவது தோட்டங்களில் காணும் வழக்கம். மழையிலும் வரட்சியிலும் கொழுந்து குறைந்தால் வேலை நாட்களும் குறையும். மாத முடிவில் சங்கச் சந்தா, முற்பணம், கடன் எனக் கழிவுகள் கழிந்து மிஞ்சுவதே குடும்பத்தின் வரவு. இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு வருகிறது. பறித்த கொழுந்தை நிறுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று தரும் கூலி அது. பெரும்பாலும் அது பேர்க் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே ஊழியர் சேமலாப நிதிக்கும் அதனால் பயனில்லை. முதுமைக்கு உதவாத பணமாயினும் திங்கட்கிழமைக்கு உதவும். பிள்ளையின் பாடசாலைச் சப்பாத்துக்கு உதவும்.

அந்தத் தாயை மீண்டும் எண்ணிப் பாருங்கள். சனி இரவு லயத்துக் காம்பராவில் அடுப்பின் முன் அமர்ந்து அவள் செய்யும் கணக்கிலே இறைவன் இல்லை என்று யார் கூறத் துணிவர்? மலைக்கு ஏறினால் ஆராதனை போகும். தேவாலயம் சென்றால் சப்பாத்துப் போகும். எதைச் செய்தாலும் துணி துவைப்பதும் விறகு பொறுக்குவதும் அவளுக்காகவே காத்திருக்கும். ஓய்வுநாள் என்பது அவள் அகராதியில் வேலை மாறும் நாள் என்பதேயன்றி வேலை நிற்கும் நாள் அன்று.

யாரிடம் எதைக் கேட்பது?

இங்கேதான் போதனையின் திசையை ஆராய வேண்டியுள்ளது. ஆராதனைக்கு வராதவரை நோக்கிக் கடிந்துரைப்பது ஒரு வழக்கம். வந்திருப்பவர் தலைகுனிந்து கேட்பர். வராதவருக்கு அது எட்டுவதில்லை. கடிந்துரை எட்டவேண்டிய வேறு சிலர் அங்கேயே முன் வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். தெரிவு செய்யும் ஆற்றல் அதிகமாக உடையவனிடமே நம்பிக்கை அதிகமாகக் கேட்கும் என்பது நற்செய்தியின் நெறி. அப்படியாயின், ஞாயிற்றுக்கிழமை பற்றிய கேள்வியைக் கடைசியாகக் கேட்கவேண்டியது கொழுந்து பறிப்பவளிடம்.

முதலில் யாரிடம் கேட்கலாம்? தோட்ட நிருவாகத்திலும் அலுவலகத்திலும் பணியாற்றும் கிறிஸ்தவரிடம் கேட்கலாம். கைக்காசு நேரத்தை ஆராதனை முடிந்த பின்பு தொடங்க இயலுமா, ஞாயிறு வராதவளுக்குத் திங்களன்று முகம் சுளிக்காமல் வேலை கிடைக்குமா என்பவை அவர்கள் கையிலுள்ள தெரிவுகள். அடுத்து, ஆசிரியர்களாகிய நம்மிடம் கேட்கலாம். மலைநாட்டு நகரங்களில் ஞாயிறு காலை தனியார் வகுப்புகள் நிரம்பி வழிகின்றன. அந்த நேரத்தை அறநெறிப் பாடசாலைக்கு விடவேண்டும் என்ற கோரிக்கை நாட்டில் நெடுங்காலமாக உள்ளது. பௌத்தப் பிள்ளைக்கும் இந்துப் பிள்ளைக்கும் கிறிஸ்தவப் பிள்ளைக்கும் பொதுவான அக்கோரிக்கையை, நம் வருமானத்தோடு மோதும்போது, நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம்? பரீட்சை நெருங்குகிறதே என்போம். பருவம் தவறுமே என்று கொன்ஸ்தந்தைன் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

மூன்றாவதாக, கணவரிடம் கேட்கவேண்டும். மது ஒழிப்பைத் திருச்சபைகள் நெடுங்காலமாகப் போதித்து வந்துள்ளன. தவறணையைக் கைவிட்டதால் எழுந்து நின்ற குடும்பங்கள் மலைநாட்டில் உண்டு. அது நம்பிக்கை தந்த கண்கூடான பயன். ஆனால் குடியை விட்டவன் அத்தோடு நின்றுவிடலாகாது. ஞாயிறு காலை அவன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் அவன் மனைவி ஆராதனைக்குச் செல்வாள். இது சிறு செயல்தான். ஆயினும் ஒரு வீட்டின் ஓய்வுநாள் இதிலேதான் தொடங்குகிறது.

நம்பிக்கையும் அயலும்

தெரிவு பற்றிப் பேசும்போது வேறொரு சிக்கலையும் விட்டுச் செல்ல முடியாது. அண்மைக் காலத்தில் லயங்களிலே சிறு ஜெபக் கூட்டங்கள் பெருகியுள்ளன. இவற்றிற் சேரும் குடும்பம் தோட்டக் கோயில் திருவிழாவுக்குப் பணம் கொடுப்பதா, மாசி மாதத்துக் காமன் கூத்திலே பங்குகொள்வதா என்ற கேள்விகளை எதிர்கொள்கிறது. கொடுக்காவிட்டால் அயலார் வருந்துகின்றனர். கொடுத்தால் மனச்சாட்சி உறுத்துகிறது. மதமாற்றத் தடைச் சட்டமூலம் 2004இல் பாராளுமன்றத்துக்கு வந்ததும், அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் கூறியதும் நினைவிருக்கலாம். சமயத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு, அதில் ஐயமில்லை. எனினும் சட்டம் தீர்க்கக்கூடிய கேள்வி ஒன்று. லயத்திலே வாழ்ந்து தீர்க்கவேண்டிய கேள்வி மற்றொன்று.

ஒரே சுவரின் இருபுறமும் இரு குடும்பங்கள் வாழும் இடம் லயம். அங்கு இறப்பு நேர்ந்தால் பாடை தூக்குவது அயலான்தான். வணக்கத்திலே பங்குகொள்ளாமல் ஒதுங்குவது ஒருவருடைய மனச்சாட்சிக்கு உரியது. அயலாரின் துன்பத்திலே பங்குகொள்ளாமல் ஒதுங்குவதற்கு எந்த வேதமும் இடந்தருவதில்லை. கோயில் வரியைக் கொடுக்க மனமில்லாதவர் அதே அளவு பணத்தைத் தோட்டத்து மரண உதவிக்கோ, ஏழைப் பிள்ளையின் கொப்பிக்கோ கொடுத்தால், அவருடைய நம்பிக்கை அயலாருக்கு விளங்கும். அயலாரும் திருவிழாப் பணத்தை வற்புறுத்திக் கழிக்காதிருப்பராயின் அவர்களுடைய பக்தியும் பெருமை பெறும்.

முன் நடந்தோர்

இவையெல்லாம் எட்டாத இலட்சியங்கள் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. இயேசு சபைத் துறவியான பால் காஸ்பெர்ஸ் அடிகளார் 1972ஆம் ஆண்டில் கண்டியிலே சத்தியோதயத்தைத் தொடங்கி, தோட்டத் தமிழரின் பிரசாவுரிமைக்கும் கூலிக்கும் வாழ்விடத்துக்கும் 2017இல் மறையும்வரை உழைத்தார். அதே 1972இல் லியோ நாணயக்கார ஆயர், பழமையும் வசதியும் மிக்க கண்டி மறைமாவட்டத்தை விட்டு, புதிதாக அமைந்த வறிய பதுளை மறைமாவட்டத்துக்குச் சென்றார். இவ்விருவரும் செய்தவை தனிமனிதத் தெரிவுகளே. ஆனால் மற்றவர்களுடைய தெரிவின் எல்லையை விரிப்பதற்காகச் செய்தவை. 2023இல் மலையக மக்கள் வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, யூலை 28இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்த நடைபயணத்தில் தேசிய கிறிஸ்தவ மன்றமும் முன்னின்றது. அந்தப் பாதையில் நடந்தவர்களை எந்தச் சமயம் என்று பிரித்துக் காண இயலவில்லை.

இறுதியாக ஒரு ஞாயிற்றுக்கிழமையை நினைவூட்ட விரும்புகிறோம். 2025 நவம்பர் 30, கிறிஸ்தவ நாட்காட்டியிலே திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. இரண்டு நாட்களுக்கு முன்பே திட்வா புயல் தீவைத் தாக்கியிருந்தது. மலைகள் சரிந்து பாதைகள் மூடின. புகையிரதப் பாதை சிதைந்தது. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்தப் பேரழிவில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் இழப்பு மிகப் பெரிது. அந்த ஞாயிறு பாடசாலையும் கோயிலும் தேவாலயமும் மக்களுக்குத் தஞ்சமாயின. எவர் எந்த வணக்கத்துக்கு வந்தார் என்று கணக்கெடுக்க எவருக்கும் தோன்றவில்லை. கணக்கெடுக்கப்பட்டவை சோற்றுப் பொதிகளும் பாய்களுமே.

பேரிடர் நாளில் இயல்பாக வந்த அந்த மனம், சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகிறது? சரிவின் அடியிலே அகப்பட்டவளைத் தூக்கிய கைகள், கூலிக் கணக்கின் அடியிலே அகப்பட்டவளைக் காணாதது ஏன்? அட்டன் மணிகள் அடுத்த ஞாயிறும் ஒலிக்கும். மலைக்கு ஏறும் தாய் அவற்றைக் கேட்பாள். அவளை நோக்கி ஏன் வரவில்லை என்று கேட்குமுன், அவள் வருவதற்கு நாம் எதை விட்டுக்கொடுத்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.